ஊர் எப்போதோ ஓடிவிட்டது: தமிழ்ப் பதிப்பாளர்களுக்கும் அச்சகத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கும், பதிப்பாளர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், அச்சக உரிமையாளர்களுக்கும், கணினியில் பக்கம் கட்டும் டி.டி.பி. மையம் நடத்துவோருக்கும் வணக்கம். பழைய எழுத்துருக்களை விட்டு எல்லாரும் சேர்ந்து யூனிகோடுக்கு மாறும்படி கேட்கவே இந்த மடல். யூனிகோட் என்பது ஒவ்வொரு எழுத்துக்கும் கணினியில் எந்த எண் என்று உலகப் பொதுவாக வகுத்த குறியேற்றம்.

இன்று ஒரு தமிழ்ப் புத்தகம் பல இடங்களில் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். எழுத்தாளர் கைபேசியிலோ கூகுள் டாக்ஸிலோ எழுதுகிறார். அது யூனிகோட். மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ உங்களிடம் வருகிறது. டி.டி.பி. மையத்தில் அதை ஒரு மாற்றி மென்பொருளில் போட்டு பாமினியாகவோ அதுபோன்ற வேறொரு பழைய எழுத்துருவாகவோ ஆக்கி, பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருளில் கொட்டிப் பக்கம் கட்டுகிறார்கள். மெய்ப்பு, திருத்தம், அச்சு எல்லாம் முடிகிறது. சில மாதம் கழித்து மின்னூலாகவும் போடலாம் என்று பேச்சு வருகிறது. உடனே அந்தப் பழைய எழுத்துருக் கோப்பை மறுபடி யூனிகோடுக்கு மாற்றுகிறார்கள். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதுதான். ஒவ்வொரு சுற்றிலும் சில எழுத்துகள் உடைகின்றன, சில ஆங்கிலச் சொற்கள் காணாமல் போகின்றன, மெய்ப்புத் திருத்துபவரின் உழைப்பு பாதி வீணாகிறது.

இதைச் செய்கிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. கணினித் தொழில்நுட்பத்தில் கூட்டத்தோடு போவதற்கு நல்ல காரணங்கள் உண்டு. 'ஊர் ஓடினால் ஒத்து ஓடு, ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு' என்ற பழமொழியைச் சொன்னவர் கோப்புப் பரிமாற்றத்தை நினைத்துச் சொல்லவில்லைதான். ஆனாலும் அது கச்சிதமாகப் பொருந்துகிறது. பக்கத்துக் கடையில் என்ன எழுத்துருவோ அதுவே என் கடையிலும் இருந்தால்தான் அவசரத்துக்கு அவர் அடித்த கோப்பை நான் திறக்க முடியும். தட்டச்சு செய்பவர் விடுப்பில் போனால் இன்னொருவர் வந்து உட்கார முடியும். ஏதாவது சிக்கிக்கொண்டால் யாரிடமாவது கேட்க முடியும். எல்லாரும் வைத்திருப்பதை வைத்திருந்து தப்பாகப் போனால் யாரும் குறை சொல்வதில்லை. தனியாக ஒன்றை வாங்கித் தப்பாகப் போனால் பழி முழுக்க வாங்கியவர் தலையில்தான்.

இப்படிக் கூட்டம் ஒரு தொழில்நுட்பத்தில் மாட்டிக்கொள்வதைப் பொருளியலாளர் பால் டேவிட் 1985-இல் ஆங்கிலத் தட்டச்சின் குவர்ட்டி விசைப்பலகையை வைத்து விளக்கினார். 1990-இல் லீபோவிட்ஸும் மார்கோலிஸும் அதை மறுத்தார்கள். குவர்ட்டிக்கு மாற்றாக வந்த துவோராக் விசைப்பலகை உண்மையிலேயே மேலானதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை, அது நமக்கு வேண்டியதும் இல்லை. தமிழில் பாமினி வகையா யூனிகோடா, எது மேலானது என்பதில் சண்டையே இல்லை. இருந்தும் கூட்டம் நகரவில்லை. ஏன் என்பதுதான் கேள்வி.

முதலில் பாமினி வகை எழுத்துரு செய்யும் வித்தையைப் பார்த்துவிடுவோம். 'தமிழ்' என்ற சொல்லை அதில் அடித்தால் கணினி சேமித்து வைப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளை. எழுத்துரு மட்டும் ஜே என்ற இடத்தில் 'த' படத்தையும், கே இடத்தில் 'ம' படத்தையும் காட்டுகிறது. எழுத்துருவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அந்த ஐந்து குறிகள்தான். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் என்.வி.டி.ஏ. போன்ற திரைவாசிப்பான் அதை ஆங்கில உளறலாகத்தான் படிக்கும். தேடுபொறிக்கும் அதே கதி, பிழைதிருத்திக்கும் அதே கதி. இதில் கொடுமை என்னவென்றால் ஒவ்வொரு நிறுவனமும் தன் எழுத்துருவுக்குத் தனியாக ஓர் இடவரிசை வைத்துக்கொண்டது. ஒருவர் ஜே-யில் வைத்ததை இன்னொருவர் வேறெங்கோ வைத்தார். வாடிக்கையாளர் கைவிட்டுப் போகாமல் இருக்க அது வசதியாகவும் இருந்தது.

இதைச் சரிசெய்ய முயற்சி நடக்காமல் இல்லை. 1990-களின் பிற்பகுதியில் உலகெங்கும் இருந்த ஆர்வலர்கள் கூடி டிஸ்கி என்ற பொதுக் குறியேற்றத் தகுதரத்தை உருவாக்கினார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை அதில் ஏற்றிப் பிறகு யூனிகோடுக்கு மாறியது. 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. அடுத்த ஆண்டே விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு யூனிகோட் தமிழைக் கொண்டுவந்துவிட்டது. 2010-இல் யூனிகோடையும், அது இயலாத இடத்தில் டேஸ்16-ஐயும் அரசு தகுதரமாக்கியது. ஆணைகள் வந்தன, அச்சகத் தெரு அசையவில்லை. பக்கத்துக் கடைக்காரர் மாறாத வரை ஆணையை மதித்து மாறுகிற கடைக்காரருக்கு நட்டம் மட்டுமே மிச்சம்.

டேஸ்16 பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி இடம் தரும் அந்த முறைக்குத் தொழில்நுட்ப வாதங்கள் இருக்கின்றன, அவற்றில் சில வலுவானவை. ஆனால் அது, அவரவர் விருப்பப்படி பயன்படுத்திக்கொள்ள யூனிகோட் விட்டுவைத்த தனிப்பயன் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. உலகில் வேறு யாருடைய கருவியும் அந்த இடத்தில் இருப்பது தமிழ் என்று அறியாது. எனவே இந்த மடலில் நாங்களும் கூட்டத்தோடு போகவே சொல்கிறோம். குறியேற்றம் என்பது பேச்சு மாதிரி, எதிரில் இருப்பவருக்குப் புரிந்தால்தான் அதற்கு மதிப்பு. எந்தக் கூட்டம் என்பதில்தான் கருத்து வேறுபாடு.

இனி, டி.டி.பி. மையங்களில் சொல்லப்படும் மூன்று தடைகள்.

'எங்கள் ஆட்களுக்குப் பழைய தட்டச்சு முறைதான் கைவரும்' என்பது முதல் தடை. அரசின் தமிழ்த் தட்டச்சுத் தேர்வு எழுதி வந்தவர்களின் விரலில் அந்த வரிசை ஊறிப்போயிருக்கிறது. அதை மாற்றச் சொல்வது அவர்களுடைய நாள் வருமானத்தில் கைவைப்பது. ஆனால் மாற்றத் தேவையே இல்லை. விசைப்பலகை வேறு, குறியேற்றம் வேறு. என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் இரண்டிலும் பழைய தட்டச்சு முறையும் உண்டு, பாமினி முறையும் உண்டு. விரல் பழைய இடத்திலேயே அடிக்கும், கணினியில் யூனிகோட் விழும். பழைய முறைப்படி கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பிறகு அடித்தாலும் மென்பொருளே வரிசையைத் திருத்திக்கொள்ளும். இந்த ஒரு விஷயம் தெரியாததால் மாறாமல் இருக்கும் மையங்கள் நிறைய.

'யூனிகோடில் போட்டால் கொம்பு பிய்ந்துவிடும்' என்பது இரண்டாவது. இது பொய்யில்லை, பழைய உண்மை. பேஜ்மேக்கருக்கு யூனிகோடே தெரியாது. அடோபி 2004-இல் வெளியிட்ட 7.0.2-தான் அதன் கடைசிப் பதிப்பு. அடோபியின் இன்றைய பக்க அமைப்பு மென்பொருளான இன்டிசைனிலும் 2012-இல் சி.எஸ்.6 வரும்வரை இந்திய மொழிகளுக்கு முறையான ஆதரவு கிடையாது. அதற்கு முன் யாராவது முயன்று பார்த்திருந்தால் 'கொ' என்பது சிதறித்தான் போயிருக்கும். பட்டவர் பத்துப் பேரிடம் சொன்னார். காரணம் போய்ப் பல ஆண்டு ஆனபிறகும் எச்சரிக்கை மட்டும் ஊருக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. கூட்டத்தைப் பின்பற்றுவதில் இருக்கும் பெரிய ஆபத்து இதுதான் என்பது எங்கள் கருத்து. கூட்டத்தின் அறிவுக்குத் தேதி முத்திரை கிடையாது.

இன்றைய நிலை இது. இன்டிசைனில் பத்தி அமைப்புப் பலகையின் பக்கப் பட்டியைத் திறந்து 'அடோபி வேர்ல்டு-ரெடி பேரகிராஃப் கம்போசர்' என்ற எழுத்துக் கோக்கும் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை ஒவ்வொரு பத்தியாகச் செய்யாமல் எல்லாப் பாணிகளுக்கும் தாயாக இருக்கும் அடிப்படைப் பத்திப் பாணியிலேயே வைத்துவிடுங்கள். மொழியையும் அங்கேயே தமிழ் என்று குறியுங்கள். பழைய கோப்பைத் திறந்து அதில் யூனிகோட் உரையை ஒட்டினால் பழைய பாணி பழைய கம்போசரைப் பிடித்துக்கொண்டே இருக்கும், அதனால்தான் பலருக்குச் 'சரி செய்தும் வரவில்லை'. திரையில் புள்ளிகளாலான சிறு வட்டம் தெரிந்தால் காரணம் இரண்டில் ஒன்று: உரையில் குறிகளின் வரிசை தப்பு, அல்லது கம்போசர் மாறவில்லை. அதே வரியை நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே சரியாகத் தெரிந்தால் கோளாறு கம்போசரில். அங்கேயும் வட்டம் தெரிந்தால் உரையில். அடோபிக்கு மாதச் சந்தா கட்ட முடியாதவர்களுக்கு 2024-இல் வெளிவந்த ஸ்கிரைபஸ் 1.6 கட்டற்ற மென்பொருளாகவே தமிழைச் சரியாகக் கோக்கிறது. அச்சுத் தகடு எடுப்பவருக்கு இதனால் எந்த மாற்றமும் இல்லை. எழுத்துரு பதிக்கப்பட்ட பி.டி.எஃப். போனால் போதும், தகட்டுக்குக் குறியேற்றம் தெரியாது.

மூன்றாவது, 'நல்ல எழுத்துரு இல்லை'. பாதி நியாயம். புத்தகத்துக்கு ஏற்ற, பல தடிமன்களில் வரும் யூனிகோட் எழுத்துருக்கள் பழைய சேகரிப்புகளோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனாலும் நோட்டோ செரிஃப் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன், மீரா இனிமை ஆகியவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. விலை கொடுக்கவோ களவாக நகலெடுக்கவோ வேண்டாம். எழுத்துரு மாறினால் பக்கக் கணக்கு மாறும் என்பதுதான் உண்மையான கவலையாக இருக்க வேண்டும். புதிய எழுத்துரு நூற்றுக்கு மூன்று வீதம் அகலமாக ஓடினால் 256 பக்கம் 264 ஆகும். ஒரு தாளில் 16 பக்கம் சேர்ந்த ஃபாரமாக அச்சிடுகிறவருக்கு அது அரை ஃபாரம் கூடுதல், தாளும் கூலியும் கூடும். எழுத்தளவை 11 புள்ளியிலிருந்து 10.7 ஆக்கினால் ஏறக்குறையப் பழைய இடத்துக்கே வந்துவிடும். இதைப் பக்கம் கட்டத் தொடங்கும் முன்பே ஓர் இயலைக் கொட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும், கடைசியில் அல்ல.

பழைய கோப்புகளை மாற்றுவதுதான் கஷ்டமான வேலை. அதைச் சற்று நின்று பேசுவோம்.

மூலக் கோப்பைத் தொடாதீர்கள். அதன் நகல், அதில் பயன்படுத்திய எழுத்துருக் கோப்பு, அச்சுக்குப் போன பி.டி.எஃப். மூன்றையும் ஒரே கோப்புறையில் வையுங்கள். எழுத்துரு இல்லாத பழைய கோப்பு சாவி தொலைந்த பெட்டி. பழைய எழுத்துரு போஸ்ட்ஸ்கிரிப்ட் டைப் 1 என்ற பழைய கோப்பு வகையாக இருந்தால் இன்னும் அவசரம்: 2023 ஜனவரி முதல் புதிய இன்டிசைன் அவற்றை ஏற்பதில்லை.

பேஜ்மேக்கரிலிருந்து உரையை எடுக்கும்போது வெறும் உரையாக எடுக்காமல், எழுத்துரு விவரத்தையும் சேர்த்து வைக்கும் ஆர்.டி.எஃப்.-ஆக எடுங்கள். வெறும் உரையாக எடுத்தால் எது பாமினியில் இருந்தது, எது ஆங்கில எழுத்துருவில் இருந்தது என்ற அடையாளம் அழிந்துவிடும். அப்புறம் மாற்றி மென்பொருள், நூலில் வரும் ஆங்கிலச் சொற்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் தமிழ் என்று நினைத்து 'மொழிபெயர்த்து'விடும். வேர்டில் எழுத்துருப் பெயரை வைத்துத் தேடி ஆங்கிலப் பகுதிகளை முதலில் ஒரு தனிப் பாணியில் ஒதுக்கிவிட்டு, தமிழ்ப் பகுதியை மட்டும் மாற்றுங்கள். வரி முடிவில் கையால் போட்ட இணைப்புக்கோடுகளும் வரிமுறிவுகளும் இந்த இடத்திலேயே போக வேண்டும். இல்லாவிட்டால் புதிய பக்கத்தில் அவை வரி நடுவில் வந்து நிற்கும்.

அடுத்தது மாற்றியின் தரம். இணையத்தில் கிடைக்கும் மாற்றிகளில் பல ஒரே இடத்தில் சறுக்குகின்றன. பாமினியில் 'ர'வுக்குத் தனி விசை உண்டு. ஆனால் 'ர்' அடிக்கும்போது வழக்கமாக அடிப்பது துணைக்காலையும் புள்ளியையும்தான். தட்டச்சுப் பொறியில் 'ர்', 'ரி' இரண்டும் கால் வடிவத்தில் நின்ற பழக்கம் அது. மாற்றி ஒவ்வொரு குறியாக மாற்றினால் துணைக்கால் துணைக்காலாகவே வந்து 'அவர்கள்' என்பது 'அவா்கள்' ஆகிவிடும். கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இரண்டையும் இங்கேயே எழுதியிருக்கிறோம், உற்றுப் பாருங்கள். தேடினால் கிடைக்காது, பிழைதிருத்தி சிவப்புக் கோடு போடும், திரைவாசிப்பான் திணறும். நீண்ட கோவைகளை முதலில் மாற்றி, தனிக் குறிகளைக் கடைசியில் மாற்றும் கருவியாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'ெ', ஒரு மெய், 'ா' என்ற மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் 'ொ' ஆக்கிவிட்டுப் பிறகே தனிக் கொம்பைத் தொட வேண்டும்.

ஔகாரம் இன்னும் வம்பு. பழைய எழுத்துருக்களில் 'கௌதாரி'யும் 'கெளிறு'ம் ஒரே மாதிரி கொம்பு, க, ள என்றுதான் தொடங்கும். எல்லாவற்றையும் ஔகாரமாக்கினால் கெளிறு மீன் செத்தது, 'வெளி'யும் 'தெளிவு'ம் உடைந்தன. ஒன்றையும் மாற்றாமல் விட்டால் 'கெளரவம்', 'வெளவால்' என்று நிற்கும். நடைமுறையில் உதவும் விதி: கொம்பு போட்ட எழுத்துக்கு அடுத்த 'ள' மேல் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இருந்தால் அதை ளகரமாகவே விடுங்கள், வெறும் 'ள'வாக நின்றால் ஔகாரமாக இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். சந்தேகப்படத்தான் சொல்கிறோம். கதை உரையாடலில் ஒரு கிழவி 'வெளங்குதா?' என்று கேட்டால் அங்கே இந்த விதி காலை வாரிவிடும். அதற்கு ஆள்தான் பார்க்க வேண்டும்.

மாற்றி முடித்ததும் யூனிகோட் இயல்பாக்கம் ஒருமுறை ஓட்டுங்கள். 'ெ'யும் 'ா'வும் தனித்தனியாகக் கிடந்தால் அது ஒரே 'ொ'வாகச் சேர்த்துவிடும். 'ஒ'வுக்குப் பின் ளகரம் போட்டு எழுதிய 'ஒளவை'யை மட்டும் அதனால் சேர்க்க முடியாது, ஏனென்றால் கணினிக்கு அந்த ள வேறு, ஔகாரக் குறி வேறு. பிறகு தமிழில் வரவே முடியாத சேர்க்கைகளைத் தேடுங்கள்: துணைக்காலுக்குப் பின் புள்ளி, துணைக்காலுக்குப் பின் மேல்விலங்கு, அடுத்தடுத்து இரண்டு உயிர்க்குறிகள், சொல்லின் தொடக்கத்தில் புள்ளி. இந்த நான்கு தேடலில் சிக்குவது முழு நூலையும் வரிவரியாகப் படித்தால் சிக்குவதைவிட அதிகம். மெய்ப்புக்கு நேரம் குறைவு என்றால் உரையாடல் பக்கம் ஒன்று, செய்யுள் பக்கம் ஒன்று, அட்டவணையோ அடிக்குறிப்போ உள்ள பக்கம் ஒன்று என எடுத்துப் பாருங்கள். எல்லாக் குளறுபடியும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இவ்வளவும் ஒரு மையத்தால் செய்யக்கூடியதே. ஆனால் ஒரு மையம் மட்டும் செய்தால் பயனில்லை என்பதால்தான் இந்த மடலைத் தனி ஆளுக்கு எழுதாமல் உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறோம். மியன்மாரைப் பாருங்கள். அங்கே ஜாஜீ என்ற எழுத்துரு நாடு முழுக்கப் பரவியிருந்தது. யூனிகோட் பர்மிய மொழிக்கு ஒதுக்கிய அதே இடங்களில் வேறு எழுத்துகளை வைத்திருந்ததால் சிக்கல் நம்முடையதைவிட மோசம்: ஒரே கோப்பு ஒருவர் கைபேசியில் சரியாகவும் இன்னொருவர் கைபேசியில் குப்பையாகவும் தெரியும். முதலில் மாறுகிறவருக்குத்தான் நட்டம் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். கடைசியில் அரசும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் மற்றவர்களும் 2019 அக்டோபர் 1 என்று நாள் குறித்தார்கள். ஃபேஸ்புக் தானே கண்டுபிடித்து மாற்றிக் காட்டும் வசதியைச் சேர்த்தது. ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடவில்லை. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு, பக்கத்து வீட்டுக்காரர் மாறுவாரா என்று யாரும் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கவில்லை.

நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் கைபேசி வழியாக ஏற்கெனவே யூனிகோடுக்குப் போய்விட்டார்கள். 2016 டிசம்பரில் கிண்டிலும் தமிழை ஏற்றது. நீங்கள் ஒத்து ஓடுவதாக நினைக்கும் ஊர் இப்போது நடுவில் இருக்கும் ஒரு தெரு மட்டும்தான். அந்தத் தெருவுக்குக் காசு கொடுப்பவர்கள் பதிப்பாளர்கள். ஆகவே கேட்பதெல்லாம் இவ்வளவுதான்.

சங்கங்கள் கூடி ஒரு சென்னைப் புத்தகக் காட்சியை எல்லையாகக் குறியுங்கள். அதன்பிறகு வரும் புதிய நூல்களுக்கு மட்டும் விதி பொருந்தட்டும். பழையவை மறுபதிப்பு வரும்போது மாறட்டும். பக்கம் கட்டுபவருடன் போடும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: 'இறுதி மெய்ப்புத் திருத்தங்கள் அடங்கிய முழு உரையையும் யூனிகோடில், பக்கம் கட்டிய மூலக் கோப்புடன் ஒப்படைத்த பிறகே கடைசித் தவணை வழங்கப்படும்.' மாறும் காலத்தில் வேலை மெதுவாகும், முதல் இரண்டு மூன்று நூல்களுக்குப் பக்கக் கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். கற்றுக்கொள்ளும் செலவைத் தட்டச்சு செய்பவர் தலையில் கட்டாதீர்கள். பக்கத்துக் கடையில் கேட்டுக்கொள்ளும் வசதி சில மாதம் இருக்காது என்பதால், சங்கத்தின் பெயரில் ஒரு வாட்ஸ்அப் குழுவும் அதில் பதில் சொல்ல விவரம் தெரிந்த இருவரும் இருக்கட்டும்.

எல்லா மையங்களும் ஒரே சோதனைப் பக்கத்தை மாற்றிக் காட்டட்டும். அதில் இந்தச் சொற்கள் இருந்தால் போதும்: அவர்கள், ஏரி, கௌதாரி, கெளிறு, வெளி, வௌவால், வெளங்குதா, ஔவை, கொக்கு, கோழி, பக்ஷி, ஸ்ரீ, கூடவே ஓர் ஆங்கிலச் சொல், ஒரு மின்னஞ்சல் முகவரி, அரைப்புள்ளி இட்ட ஒரு வாக்கியம். பாமினியில் அரைப்புள்ளி விசைதான் மெய்ப்புள்ளி என்பதால் அந்த வாக்கியத்தை விட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
எழுத்துருவோடும் பக்க அமைப்போடும் அன்றாடம் மல்லுக்கட்டும் சிலர்